எண்ணிக்கையில் அடங்காத மாணாக்கர்: கைதடி நவீல்ட் பாடசாலையும் யாழ்ப்பாணக் கல்வி மரபும்

யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் வட்டுக்கோட்டைச் செமினரியில் தொடங்கிப் பல்கலைக்கழக அனுமதிப் பட்டியலில் வந்து முடிப்பர். 1816 இல் அமெரிக்க மிசனரிமாரின் வருகை, 1823 இல் செமினரியின் தோற்றம், 1824 இல் உடுவில் மகளிர் பாடசாலை, 1848 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை, 1923 இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம், 1945 இல் இலவசக் கல்வி, 1974 இல் யாழ்ப்பாண வளாகம் என இவ்வரலாறு படிப்படியாக மேலேறும் ஓர் ஏணியாகவே காட்டப்படுகின்றது. அந்த ஏணியில் யார் எவ்வளவு உயரம் ஏறினர் என்பது பற்றி நிறைய எழுதியுள்ளோம். ஏணியின் அடியிலேயே நின்றுவிட்ட பிள்ளைகள் பற்றி, அதாவது காண முடியாத, கேட்க முடியாத, ஏனையோரின் வேகத்திற் கற்க முடியாத பிள்ளைகள் பற்றி, எழுதியது மிகக் குறைவு.

இக்குறை தற்செயலானதன்று. பரீட்சைத் தேர்ச்சியையே கல்வியின் அளவுகோலாகக் கொண்ட சமூகம், அந்த அளவுகோலுக்கு அடங்காதவரைத் தன் வரலாற்றிலும் அடக்குவதில்லை. தென்மராட்சியின் கைதடியில் அமைந்துள்ள நவீல்ட் பாடசாலையை மையமாக வைத்து, இத்தகைய சிறியதொரு விசேட பாடசாலையின் மாணாக்கர் தொகையையும் தேர்ச்சியையும் எவ்வாறு வாசித்தல் வேண்டும் என்ற வினாவை ஈண்டு எழுப்ப விரும்புகின்றோம். ஒரு பாடசாலையைப் பற்றிய வினாவாகத் தொடங்கும் இது, ஈற்றில் யாழ்ப்பாணச் சமூகத்தைப் பற்றிய வினாவாகவே விரிகின்றது.

1. தோற்றமும் பின்னணியும்

தமிழ்மொழி வழங்கும் பிரதேசங்களில் விழிப்புலனற்றோர், செவிப்புலனற்றோர் கல்வி முறையான வடிவம் பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டிலாகும். பாளையங்கோட்டையில் ஆஸ்குவித் அம்மையார் விழிப்புலனற்றோருக்கும், புளோரன்ஸ் சுவெயின்சன் அம்மையார் செவிப்புலனற்றோருக்கும் தொடங்கிய பாடசாலைகள் இவ்வகையில் முன்னோடிகளாகும். இலங்கையில் 1912 இல் மேரி சப்மன் அம்மையார் தெகிவளையில் இவ்விரு பிரிவினருக்குமான முதற் பாடசாலையை நிறுவினார். அது பின்னர் இரத்மலானையில் நிலைபெற்றது. இதே அம்மையாரே 1920 இல் இரங்கூனிலும் செவிப்புலனற்றோருக்கான பாடசாலையொன்றைத் தொடங்கினார் என்பது, இம்முயற்சிகள் குடியேற்ற ஆட்சிக்கால மிசன் வலைப்பின்னலின் வழியே பரவின என்பதை நன்கு உணர்த்தும்.

இரத்மலானைப் பாடசாலையின் தமிழ்ப் பிள்ளைகளுக்கென 1956 இல் கைதடியில் தோற்றம் பெற்றதே நவீல்ட் பாடசாலையாகும். அதன் பெயர், மோட்டார் வாகன உற்பத்தியாற் பெருஞ்செல்வம் ஈட்டிய ஆங்கிலேயரான வில்லியம் மொரிஸ் என்ற நவீல்ட் பிரபு 1943 இல் நிறுவிய அறக்கட்டளையைச் சுட்டுவது. ஆங்கிலேய முதலாளி ஒருவரின் செல்வமும் அங்கிலிக்கன் திருச்சபையின் நிருவாகமும் பனைவெளி சூழ்ந்த ஒரு தென்மராட்சிக் கிராமத்திற் சந்தித்தமை, வரலாற்றின் விசித்திரமான கூட்டுறவுகளில் ஒன்றெனலாம்.

1956 என்னும் ஆண்டு நம்மவர் நினைவில் ஆழப் பதிந்தவொன்று. தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறிய ஆண்டு அது. எனினும் தமிழ்ப் பிரிவு தனியானமையை அச்சட்டத்துடன் மட்டும் முடிச்சுப் போடுதல் பொருந்தாது. 1940களின் நடுப்பகுதியிலிருந்தே ஆரம்ப வகுப்புகளிலே தாய்மொழிக் கல்வி நடைமுறைக்கு வரலாயிற்று. கேட்கும் பிள்ளை இரு மொழிச் சூழலில் எப்படியேனும் தேறிக்கொள்ளும். கேளாத பிள்ளைக்கோ வீட்டின் மொழியும் பாடசாலையின் மொழியும் வேறாகும்போது இரண்டுமே இல்லாமற் போகும். விடுமுறைக்கு வீடு செல்லும் பிள்ளையின் உதட்டசைவைத் தாய் விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், அப்பிள்ளை தாயின் மொழியிற் பயிற்றப்பட்டிருத்தல் வேண்டும். இந்த எளிய தேவையே கைதடிப் பாடசாலையின் நியாயத்தை விளக்கப் போதுமானது.

அடுத்து நிகழ்ந்ததே எமது ஆய்வுக்கு முக்கியமானது. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களின்வழி, மத நிறுவனங்களின் கையிலிருந்த உதவிபெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. முற்போக்காளர் பலரும் இதனை வரவேற்றனர். கல்வி அறச்செயலன்று, உரிமை என்பது அவர்தம் வாதம். ஆயின் விசேட பாடசாலைகள் இம்மாற்றத்துக்குப் புறத்தே, உதவிபெறும் நிலையிலேயே விடப்பட்டன. ஆசிரியர் வேதனத்தை அரசு வழங்க, விடுதி, உணவு, உடை, கருவிகள் ஆகியவற்றிற்கு நிருவாகம் பெரிதும் நன்கொடையாளரை நாட வேண்டியதாயிற்று. சாதாரணப் பிள்ளையின் கல்வி உரிமையாக மலர்ந்த அதே வேளையில், விசேட தேவையுடைய பிள்ளையின் கல்வி தருமமாகவே எஞ்சிற்று. பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் ஒருநேரச் சாப்பாடு கொடுக்கும் இடமாக இத்தகைய பாடசாலைகளை நம் சமூகம் இன்றும் காண்பதற்கான வேர் இங்கேயே உள்ளது. கொடுப்போரின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் தருமத்தைப் பெறுபவரிடம் எவரும் கணக்குக் கேட்பதில்லை. அவரும் எவரிடமும் கணக்குக் கேட்க முடிவதில்லை.

2. மாணாக்கர் தொகை: எண்ணியோர் யார்?

ஒரு பாடசாலையின் மாணாக்கர் தொகையை மதிப்பிட, அது சேவை செய்யும் பிரதேசத்தில் அத்தகைய பிள்ளைகள் எத்தனைபேர் உள்ளனர் என்பது தெரிந்திருத்தல் வேண்டும். இங்கேதான் முதல் இடர்ப்பாடு எழுகின்றது. 1981 ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பின் பின்னர் 1991 இற் கணக்கெடுப்பு நடைபெறவில்லை. 2001 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 18 மாவட்டங்களில் மாத்திரமே முழுமையாக நடைபெற்றது. யாழ்ப்பாணம் அவற்றுள் ஒன்றன்று. அடுத்த முழுமையான கணக்கெடுப்பு 2012 இலேயே வந்தது. இடைப்பட்ட 31 ஆண்டுகளில் ஒரு பிள்ளை பிறந்து, வளர்ந்து, பாடசாலைப் பருவத்தைக் கடந்து, தானே பெற்றோராகவும் ஆகிவிடலாம். அத்தலைமுறை முழுவதும் எண்ணப்படாமலே கழிந்தது.

எண்ணியபோதும் அவ்வெண் சொல்வதைக் கவனமாகக் கேட்க வேண்டியுள்ளது. 2001 இல் எண்ணப்பட்ட மாவட்டங்களில் 1.6 வீதமானோரே வலுவிழந்தோராகப் பதிவாயினர். 2012 இல் நாடு முழுவதிலும் 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதத்தினர், அதாவது 16 இலட்சத்துக்கு மேற்பட்டோர், இவ்வகையிற் பதிவாயினர். பதினோராண்டில் வலுவிழப்பு ஐந்து மடங்கு பெருகிவிட்டதென்று எவரும் கொள்ளார். மாறியது வினா. முன்னர் ‘உங்கள் வீட்டில் அங்கவீனர் உளரா?’ என்ற பாங்கிற் கேட்கப்பட்டது. பின்னர் ‘பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில் இடர்ப்பாடு உண்டா?’ என்று கேட்கப்பட்டது. முதல் வினா ஒரு பெயரைச் சூட்டுவது; அதனை ஏற்கக் குடும்பங்கள் நாணின. இரண்டாவது ஓர் அனுபவத்தை வினவுவது. அதற்கு விடையளித்தல் எளிதாயிற்று. எண் என்பது கேள்வியின் பிள்ளை என்ற உண்மைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

குடும்பங்கள் ஏன் நாணின? இதற்கு விடை யாழ்ப்பாணத்தின் நிலவுடைமை, சீதன உறவுகளில் உள்ளது. காணியும் வளவும் குடும்பத்துக்குள்ளேயே நிலைபெற வேண்டுமென்ற நோக்கமும் சாதிக்குள் மணம் என்ற கட்டுப்பாடும் மச்சான் மச்சாள் திருமணத்தை நெடுங்காலம் ஊக்குவித்துவந்தன. பெற்றோர் இருவரும் ஒரே மரபணுக் குறையை மறைவாகக் கொண்டிருப்பின், அவர்க்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அக்குறை வெளிப்படக்கூடிய வாய்ப்பு நான்கில் ஒன்றாகும். பிறவிச் செவிப்புலனின்மையிற் கணிசமான பகுதி இவ்வகையினது. இரத்த உறவில் மணப்போர் இருவருமே அக்குறையைக் கொண்டிருக்கும் வாய்ப்புக் கூடுதல். ஆகவே சொத்தைக் காக்கும் ஏற்பாடொன்று சில குடும்பங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட கேளாப் பிள்ளைகளைத் தந்தது. அதே சீதன ஏற்பாடுதான் அப்பிள்ளைகளை மறைக்கவும் தூண்டியது. ஒரு மகள் கேளாதவள் என்று ஊரறிந்தால் மற்றவளின் கலியாணம் தடைப்படுமென்ற அச்சம் பெற்றோரை வாட்டியது. பெண்பிள்ளையாயின் விடுதிக்கு அனுப்புவதற்கான தயக்கமும் அதனுடன் சேர்ந்துகொண்டது. ஆகவே விசேட பாடசாலையொன்றின் இடாப்பில் உள்ள பெயர்களைப் போலவே இல்லாத பெயர்களும் சமூக வரலாற்றாசிரியருக்குச் சான்றாவன.

மரபணு ஒன்றே காரணமன்று. கருவுற்ற தாயைப் பற்றும் ருபெல்லாக் காய்ச்சல், மூளைக்காய்ச்சல், சின்னமுத்து என்பனவும் கேள்வியையும் பார்வையையும் பறித்தன. 1980களிற் சின்னமுத்துத் தடுப்பூசியும், 1996 இல் ருபெல்லாத் தடுப்பூசியும் நாட்டின் திட்டத்திற் சேர்ந்தபின் இக்காரணங்கள் தளரலாயின. ஆனால் அதே காலத்திற் போர் புதிய காரணங்களைக் கொணர்ந்தது. எறிகணையும் மிதிவெடியும், அதுவரை கண்ணால் எழுத்தைப் படித்த பிள்ளையைப் பத்துப் பன்னிரண்டு வயதில் விரல்நுனியால் மீண்டும் அரிச்சுவடி தொடங்கச் செய்தன. பிறவியிலேயே பார்வையற்ற பிள்ளையும் இடையிற் பார்வையிழந்த பிள்ளையும் இடாப்பில் ஒரே நிரலில் எழுதப்படினும், அவர்களின் கல்வித் தேவை ஒன்றன்று.

போர் இன்னொரு வகையிலும் மாணாக்கர் தொகையை மாற்றிற்று. கிளிநொச்சி நீங்கலான யாழ்ப்பாண மாவட்டத்தின் குடித்தொகை 1981 இல் 7 இலட்சத்து 38 ஆயிரமளவில் இருந்தது. 2012 இல் அது 5 இலட்சத்து 83 ஆயிரமளவாகக் குறைந்தது. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்குள் நுழைந்தபோது கைதடி அந்தப் பெயர்வின் வழியிலேயே இருந்தது. 2000 ஆம் ஆண்டில் ஆனையிறவு வீழ்ந்தபின் தென்மராட்சி மக்களே இடம்பெயர நேர்ந்தது. ஓடும் கூட்டத்தில் எறிகணையின் ஓசையைக் கேளாத பிள்ளையும் வழியைக் காணாத பிள்ளையும் பட்டிருக்கக்கூடியதை ஊகித்தறிதல் கடினமன்று. இத்தகைய ஆண்டுகளின் வரவுப் பதிவை ஏனைய ஆண்டுகளின் பதிவோடு ஒப்பிட்டு ‘வீழ்ச்சி’ எனக் குறித்தல் ஆய்வாகாது.

மேலும், தொகை குறைந்தமை முழுவதும் இழப்பின் அறிகுறியுமன்று. 1960களின் பிற்பகுதியிலிருந்து விசேட தேவையுடைய பிள்ளைகளைச் சாதாரணப் பாடசாலைகளில் ஒன்றிணைக்கும் திட்டம் படிப்படியாக விரிந்தது. 1988 இல் சுன்னாகத்தில் வாழ்வகம் தோன்றி, விழிப்புலனற்ற பிள்ளைகளுக்கு இல்லிடம் அளித்து அயலிலுள்ள பாடசாலைகளில் ஏனையோருடன் கற்க வழிசெய்தது. 2004 இல் கோண்டாவிலில் சிவபூமிப் பாடசாலை உளவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கென ஏற்பட்டது. மட்டக்களப்பிலும் விழிப்புலனற்றோருக்கும் செவிப்புலனற்றோருக்கும் பாடசாலைகள் எழுந்தமையாற் கிழக்கிலிருந்து கைதடிக்கு வரவேண்டிய தேவை குறைந்தது. ஒரு பாடசாலையின் இடாப்புச் சுருங்குவது, அப்பாடசாலை தொடக்கிவைத்த கருத்து வேறிடங்களிற் கிளைவிட்டதன் விளைவாகவும் இருத்தல் கூடும்.

3. மொழியும் தேர்ச்சியும்

இனித் தேர்ச்சியை நோக்குவாம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை தமிழ்மொழியையும் கணிதத்தையும் அச்சாணிகளாகக் கொண்டது. இவ்விரண்டில் ஒன்று செவிப்புலனற்ற மாணாக்கருக்கும், மற்றொன்று விழிப்புலனற்ற மாணாக்கருக்கும் தடையாக நிற்பதைக் காணலாம்.

கேட்கும் யாழ்ப்பாணப் பிள்ளை ஐந்து வயதிற் பாடசாலைக்கு வரும்போது ஆயிரக்கணக்கான சொற்களையும் பேச்சுத்தமிழின் இலக்கணம் முழுவதையும் தன்னுடன் கொண்டுவருகின்றது. ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்பவற்றின் வேறுபாட்டை அதற்கு எவரும் கற்பித்ததில்லை. பாடசாலை கற்பிப்பது அப்பேச்சுக்கு மேல் அமையும் எழுத்துவழக்கை மட்டுமே. பிறவியிற் கேளாத பிள்ளைக்கு அடித்தளமான அந்தப் பேச்சுமொழி இல்லை. அது முதன்முதலிற் சந்திக்கும் தமிழே எழுத்துத்தமிழ். ‘மரம்’ என்ற சொல்லைப் படத்தைக் காட்டிக் கற்பிக்கலாம். ‘மரத்தை’, ‘மரத்தால்’, ‘மரத்தில்’ என்பவற்றில் ஒட்டிநிற்கும் உருபுகளை எப்படத்தைக் காட்டிக் கற்பிப்பது? இரட்டைவழக்கு பற்றி நம் மொழியியலாளர் நிறைய ஆராய்ந்துள்ளனர். அவ்வழக்குகளில் ஒன்றை மட்டுமே, அதுவும் கடினமானதை மட்டுமே, அடையக்கூடிய மாணாக்கரை அவ்வாராய்ச்சிகள் பெரிதும் கருத்திற் கொண்டதில்லை.

இவ்விடர்ப்பாட்டைக் கடக்கச் சைகைமொழியே இயல்பான பாலமாகும். ஆனால் 1880 இல் மிலான் நகரிற் கூடிய கல்வியாளர் மாநாடு, சைகையை ஒதுக்கிப் பேச்சுமுறையையே கைக்கொள்ள வேண்டுமெனத் தீர்மானித்தது. அத்தீர்மானத்தின் நிழல் குடியேற்ற நாடுகளின் மிசன் பாடசாலைகள் வரை நீண்டது. இலங்கையிலும் உதட்டசைவை வாசிக்கவும் ஒலியெழுப்பவும் பழக்குவதே நெடுங்காலம் கல்வியெனக் கருதப்பட்டது. பிள்ளைகளோ விடுதியிலும் விளையாட்டு வெளியிலும் தமக்குள்ளே கைகளாற் பேசிக்கொள்வதை ஒருபோதும் விடவில்லை என்பது உலகெங்கும் செவிப்புலனற்றோர் பாடசாலைகளிற் காணப்படும் உண்மை. 2010 இல் வன்கூவரில் நடைபெற்ற மாநாடு மிலான் தீர்மானங்களை நிராகரித்தது. நூற்றுமுப்பது ஆண்டுகளாக மாணாக்கரின் ‘குறைந்த தேர்ச்சி’ எனப்பட்டதில் எவ்வளவு பங்கு கற்பித்தல் முறையின் குறை என்ற கேள்வி இதனால் எழுந்தே தீரும்.

விழிப்புலனற்ற மாணாக்கரின் நிலை வேறு. பிறெயில் முறையிற் தமிழெழுத்துக் கற்றல், அச்செழுத்துக் கற்றலினும் ஒருவகையில் எளிது. 1951 இல் இந்தியாவில் வகுக்கப்பட்ட பொதுப் பிறெயில் அமைப்பில் உயிர்மெய் 216 இற்கும் தனித்தனி வடிவங்கள் இல்லை. உயிருக்கும் மெய்க்குமுரிய முப்பதளவிலான குறிகள் அடுத்தடுத்து நின்றே எல்லா ஒலிகளையும் உணர்த்தும். இவர்களுக்குப் பேச்சுமொழியும் உண்டு. இவர்களின் தடை நூல்களின் பற்றாக்குறையும், வரைபடமும் கேத்திரகணித உருவும் நிறைந்த பாடங்களின் அமைப்புமாகும். ஆய்வுகூடம் இவர்களுக்கு மூடியே கிடப்பதால் உயர்தரத்திற் கலைத்துறையே இவர்களின் வழியாகின்றது. பல்கலைக்கழக அனுமதியில் வலுவிழந்தோருக்கெனச் சிறப்பு ஏற்பாடு உண்டு. அதன்வழி நுழைந்து பட்டதாரிகளாகி ஆசிரியப் பணி ஏற்றோரும் உளர். ஆனால் அவர்கள் கலைத்துறையைத் தெரிந்தெடுத்தனரா, அதற்குள் ஒதுக்கப்பட்டனரா என்பதைத் தேர்ச்சிப் பட்டியல் கூறாது.

4. சிறிய வகுப்பும் பெரிய வீதமும்

இப்பின்னணியில், ஒரு சிறிய விசேட பாடசாலைக்கு ‘இத்தனை வீதம் சித்தி’ என்று கணக்கிடுவதன் பொருள் யாது? ஐந்து மாணாக்கர் பரீட்சைக்குத் தோற்றும் வகுப்பொன்றைக் கற்பனை செய்வோம். ஒருவர் சித்தியெய்தினால் 20 வீதம். மறுவருடம் மூவர் எய்தினால் 60 வீதம். பாடசாலை மும்மடங்கு முன்னேறிவிட்டதா? மூன்றாம் வருடம் மீண்டும் ஒருவரே தேறின் அது பாழாய்ப்போயிற்றா? ஒரு பிள்ளையின் காய்ச்சல், ஒரு தந்தையின் வேலையிழப்பு, ஓர் ஆசிரியரின் இடமாற்றம் ஆகிய ஒவ்வொன்றும் அங்கே இருபது வீதம் எடையுள்ளவை. ஆயிரம் மாணாக்கர் கற்கும் கல்லூரிக்கு வகுத்த அளவுகோலை ஐவருக்கு நீட்டும்போது அது அளப்பது பாடசாலையையன்று, தற்செயலையே.

இரண்டாவது தவறு சராசரியிலே உள்ளது. செவிப்புலனற்றோரும் விழிப்புலனற்றோரும் ஒரே கூரையின்கீழ்க் கற்கும் பாடசாலை உண்மையில் இரு பாடசாலைகள். ஒன்றின் மாணாக்கருக்கு மொழியே மலை. மற்றொன்றின் மாணாக்கருக்கு மொழியே ஊன்றுகோல். இருவரின் பெறுபேற்றையும் கூட்டி இரண்டால் வகுத்தாற் பெறப்படுவது எந்தப் பிள்ளையையும் குறியாத ஓர் எண்.

மூன்றாவது தவறு வயதைப் பற்றியது. பிறவிச் செவிப்புலனின்மை இரண்டு மூன்று வயதுவரை கண்டறியப்படாமற் போதல் அரிதன்று. ‘பிந்திப் பேசும் பிள்ளை’ என்று ஆறுதல் கூறும் உறவினரும், நேர்த்திக்கடனும், வைத்தியர் வைத்தியராக அலைதலும் சேர, மொழி பிடிபடும் அரிய ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. 1998 முதல் 5 தொடக்கம் 14 வயது வரையும், 2016 இலிருந்து 16 வயது வரையும் கல்வி கட்டாயமாக்கப்பட்டிருப்பினும், எட்டு ஒன்பது வயதில் முதல் வகுப்பில் அமரும் பிள்ளைக்கு அச்சட்டம் இழந்த காலத்தை மீட்டுத் தராது. பதினாறு வயதிற் சாதாரண தரத்துக்குத் தோற்றாத மாணாக்கர் பின்தங்கியவர் எனப்படுகின்றார். மொழியுடன் அவர் கழித்த ஆண்டுகளைக் கணக்கிட்டால் அவர் முந்தியவராகவும் இருக்கலாம்.

ஆதலின் இத்தகைய பாடசாலையின் பதிவேடு வேறு வகையில் அமைதல் வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் எவ்வயதில் வந்தது, புலனிழப்பு எப்போது நேர்ந்தது, வீட்டில் எவருடன் எம்முறையிற் பேசியது, வந்த அன்று என்ன அறிந்திருந்தது, விலகிய அன்று என்ன அறிந்திருந்தது, விலகியபின் எத்தொழிலில் எவ்வாழ்வில் நிற்கின்றது என்பனவற்றைத் தொடர்ந்து குறித்தல் வேண்டும். இதற்குப் புள்ளிவிபரவியல் நுட்பங்கள் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும், பிள்ளையின் பெயரைக் காத்து அதன் கதையை எழுதும் பொறுமையும் போதும். தொகை சிறிதாயிருத்தல் வீதக் கணக்கிற்குப் பலவீனம். வாழ்க்கைக் கணக்கிற்கு அதுவே பலம்.

5. முடிவாக

1970களின் தரப்படுத்தல், ஒரே பரீட்சையின் புள்ளிகள் எல்லோருக்கும் ஒரே பொருளுடையனவா என்ற வினாவை நம்மிடையே கொதிப்புடன் எழுப்பியது. நம் பிள்ளைகளின் திறமை நியாயமற்ற அளவுகோலால் அளக்கப்படுகின்றதென்று நாம் அன்று வாதாடினோம். ஆயினும் நம்முள்ளேயே நியாயமற்ற அளவுகோலால் அளக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றி அந்த விவாதம் வாய்திறக்கவில்லை. அதற்கு முன்னரும், 1929-30 காலப்பகுதியில், பிள்ளைகள் சமமாக ஒரே வாங்கில் இருத்தலையே பொறாது பாடசாலைகளைத் தீயிட்ட வரலாறும் நமக்குண்டு. யார் பாடசாலைக்குரியவர் என்ற வினாவுக்கு யாழ்ப்பாணச் சமூகம் ஒவ்வொரு தடவையும் நிர்ப்பந்தத்தின் பேரிலேயே விடையை விரிவாக்கியுள்ளது.

சட்டங்கள் இன்று போதுமான அளவில் உண்டு. வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், 2003 ஆம் ஆண்டுத் தேசிய கொள்கை, 2016 இல் இலங்கை ஏற்புறுதி செய்த ஐக்கிய நாடுகள் சமவாயம் என்பன அவை. சாலமன்காவில் 1994 இல் வெளியான பிரகடனம் சாதாரணப் பாடசாலையே எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதெனக் கூறிற்று. கொள்கையளவில் நாம் அதனை வரவேற்கின்றோம். ஆயின் சைகை தெரிந்த ஆசிரியரும் பிறெயில் நூலும் இல்லாத வகுப்பறையிற் பிள்ளையை இருத்திவிட்டு அதனை உட்படுத்தற் கல்வி என்று அழைத்தல், விசேட பாடசாலையின் செலவைக் குறைக்கும் சூழ்ச்சியாக முடியலாம். கேளாத பிள்ளைக்குத் தன்போன்ற பிள்ளைகளின் கூட்டமே மொழி பிறக்கும் இடம். அக்கூட்டத்தைக் கலைக்கும் எச்சீர்திருத்தமும் மிலானின் தவறை மறுபெயரிற் செய்வதாகும்.

கைதடிப் பாடசாலையைப் பற்றி நாம் கேட்க வேண்டிய வினா ‘இவ்வருடம் எத்தனைபேர் சித்தி?’ என்பதன்று. இப்பிரதேசத்தில் இப்பாடசாலைக்கு வந்திருக்க வேண்டிய பிள்ளைகளில் எத்தனைபேர் வந்தனர், வராதோர் எங்கே, வந்தோருக்கு வேண்டியதைக் கொடுக்க அரசும் சமூகமும் கடமைப்பட்டவற்றில் எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பனவே வினாக்கள். இவற்றுள் முதலிரண்டுக்கும் விடை வீடுகளில் உள்ளது; மூன்றாவதற்கு விடை நம் அனைவரிடமும் உள்ளது. பரீட்சைப் பெறுபேறு என்பது மாணாக்கர் எழுதிய விடைத்தாளுக்கு வழங்கும் புள்ளி. விசேட பாடசாலையின் பெறுபேற்றிலோ சமூகத்தின் விடைத்தாளும் சேர்த்தே திருத்தப்படுகின்றது.